ஜாகுவார் ஈ-டைப்: ஒரே காருக்கு நான்கு விலை, எதைப் பிடித்துக்கொள்வது?

பர்மிங்ஹாமில் இருக்கும் நண்பர் ஒருவர் போன குளிர்காலத்தில் எனக்கு நான்கு எண்களை அனுப்பினார். நான்கும் விற்பனைக்கு வந்திருந்த 1965-ஆம் வருட ஜாகுவார் ஈ-டைப் ரோட்ஸ்டர் (கூரை மடங்கும் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைச் சுற்றியவை. கடைக்காரர் கேட்பது 1,10,000 பவுண்டு. அதே வருடம், அதே நிறத்தில் இன்னொரு கார் சில மாதங்களுக்கு முன் ஏலத்தில் போனது 96,000-க்கு. விலைக் கையேட்டில் ‘நல்ல நிலை’ என்ற கட்டத்தில் இருப்பது 85,000. நான்காவது எண், பழைய ஓனர் காரைப் புதுப்பிக்கச் செலவழித்ததாகத் தடித்த ஃபைல் ஒன்றில் ரசீதுகளோடு வைத்திருந்த கூட்டுத்தொகை: 1,40,000. அடியில் ஒரு வரி: “அண்ணா, இதுல எதுதான் நிஜ விலை?”

எண்களைக் கொஞ்சம் உருட்டித் தந்திருக்கிறேன். ஆனால் இடைவெளி அப்படித்தான் இருந்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் கிளம்புகிறவர்கள் எல்லாருமே இந்த இடத்தில் வந்துதான் சிக்குகிறார்கள். புதுக் காருக்கு ஷோரூம் விலை இருக்கிறது. அறுபது வயதுக் காருக்கு ஆளாளுக்கு ஒரு விலை. எதைக் கையில் பிடித்துக்கொண்டு பேரத்துக்குப் போவது என்பதுதான் இங்கே முடிவு செய்ய வேண்டியது.

## அதற்கு முன்னால், எந்த ஈ-டைப்?

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானபோது பிரிட்டனில் இதன் ரோட்ஸ்டரின் விலை வரியோடு சேர்த்து 2,100 பவுண்டுக்குச் சற்றே குறைவு. 1974 வரை கோவன்ட்ரியில் 72,000-க்கும் மேல் செய்தார்கள். ஆகவே ஈ-டைப் என்ற பெயர் மட்டும் அபூர்வம் ஆகாது. அதற்குள் இருக்கும் சில வகைகள்தான் அபூர்வம். ‘ஈ-டைப் என்ன விலை?’ என்று கேட்பது ‘காஞ்சிப் பட்டு என்ன விலை?’ என்று கேட்பது மாதிரி.

1961 முதல் 1964 வரை 3.8 லிட்டர் எஞ்சின், அப்புறம் 1968 வரை 4.2 லிட்டர். இவை முதல் வரிசை. அதன்பின் 1971 வரை இரண்டாம் வரிசை, கடைசியில் 5.3 லிட்டர் வி12 எஞ்சினோடு மூன்றாம் வரிசை. முதலில் வந்த ஏறக்குறைய 500 கார்களில் பானெட்டைத் திறக்கும் பூட்டு வெளிப்பக்கம் இருக்கும். ‘டி’ (T) வடிவச் சாவி ஒன்றைப் போட்டுத் திருகித் திறக்க வேண்டும். 1962-இன் தொடக்கம் வரை வந்தவற்றில் கால் வைக்கும் தரை பள்ளமில்லாமல் தட்டையாக இருக்கும். உயரமானவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். ஓட்டச் சுகமானது 4.2 தான்: நான்கு கியரும் உறுத்தாமல் விழும், பிரேக் பிடிக்கும், சீட்டும் மேல். ஆனாலும் அசௌகரியமான அந்த முதல் தொகுதிக்குத்தான் சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

அபூர்வம் என்றாலே விலை என்றும் நினைத்துவிடக் கூடாது. முதல் வரிசை 4.2-இல் ரோட்ஸ்டர் சுமார் 9,500 வந்தது. பின்சீட்டு வைத்த 2+2 சுமார் 5,600-தான். எண்ணிக்கையில் குறைந்தது இதுதான், விலையிலும் குறைந்தது இதுதான். ஒன்பது அங்குலம் நீட்டியதில் அந்த வடிவம் கெட்டுப்போய்விட்டது என்பது ஊர்ப் பேச்சு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. மறுமுனையில், 1963-64-இல் பந்தயத்துக்காக அலுமினிய உடம்போடு செய்த லைட்வெயிட் பன்னிரண்டே பன்னிரண்டு. அவற்றில் ஒன்று 2017-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் 73 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது. அதுவும் பெயரளவில் ஈ-டைப் தான்.

வருடம், எஞ்சின் அளவு, ரோட்ஸ்டரா (நிலையான கூரை உள்ள) கூப்பேயா, ஸ்டீயரிங் இடமா வலமா. இந்த நான்கும் ஒத்துப்போகாத எந்த எண்ணையும் ஒப்பிட எடுக்காதீர்கள்.

## விலை சொல்கிறவரிடம் கேட்க வேண்டியவை

எந்த எண் வந்தாலும் நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். அந்தப் பணம் உண்மையிலேயே கை மாறியதா, இல்லை வெறும் ஆசையா? அது இந்தக் காரைப் பற்றியதா, இந்த மாதிரிக் கார்களைப் பற்றிப் பொதுவாகச் சொன்னதா? சொல்கிறவருக்கு எண் கூடினால் லாபமா, குறைந்தால் லாபமா? எவ்வளவு நாள் பழையது? கடைசியாக, அந்த எண்ணுக்கு வெளியே நான் கொடுக்க வேண்டியது என்னென்ன?

| அளவுகோல் | பணம் கை மாறியதா | எந்தக் காரைப் பற்றி | சொல்பவரின் சாய்வு | எண்ணுக்கு வெளியே உள்ள செலவு |
|---|---|---|---|---|
| கடைக்காரர் கேட்கும் விலை | இல்லை | இதே கார் | மேலே | குறைவு. சட்டப் பாதுகாப்பு விலைக்குள்ளேயே வரும் |
| ஏல முடிவு | ஆம் | வேறொரு கார் | பெரிதாக இல்லை. ஆனால் அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது | கமிஷன், வரி, போக்குவரத்து |
| விலைக் கையேடு | பல விற்பனைகளின் சாரம் | பொதுவான வகை | இல்லை | நிலையைத் தப்பாக மதிப்பிட்டால் முழு வித்தியாசமும் |
| நிபுணரின் நேரடிப் பார்வை | இல்லை | இதே கார் | உங்களிடம் காசு வாங்குகிறார் | சில நூறு பவுண்டு, ஒரு நாள் |
| புதுப்பித்த செலவு ரசீது | ஆம், ஆனால் காருக்காக அல்ல | இதே கார் | மேலே, மிக மேலே | வேலை சரியாக இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து |

## கடைக்காரர் கேட்கும் விலை

இது மேல்வரம்பு. இதற்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்பதைத் தவிர வேறெதையும் இந்த எண் சொல்வதில்லை. நம் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் அல்லவா? கடையில் நடக்கும் பேரமும் அப்படித்தான், கடைசியில் எவ்வளவுக்கு முடிந்தது என்று மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. விளம்பரத்தில் இருந்த விலை மட்டும் நம் நினைவில் தங்கிவிடுகிறது. பத்து விளம்பரங்களைப் பார்த்து ‘சந்தை விலை இதுதான்’ என்று முடிவுக்கு வருகிறவர், விற்காமல் நிற்கும் பத்து கார்களின் விலையைத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். நல்ல விலைக்கு வந்த கார் விளம்பரத்தில் நிற்பதே இல்லை.

ஆனால் கடை விலையைக் கொள்ளை என்று தள்ளிவிடவும் முடியாது. பிரிட்டனில் கடைக்காரரிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் துணைக்கு வரும். சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத காரை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். நேரில் போய்க் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் பழைய பொருள் வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது. தனியாரிடம் வாங்கினாலும் இவ்வளவு கிடையாது. இதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. முதல்முறை வாங்குபவருக்கு அது பெரிய மதிப்பு.

கடையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் பலரும் கேட்பதில்லை: “இது உங்கள் காரா, விற்றுத் தரச் சொல்லி யாராவது விட்டிருக்கிறார்களா?” கமிஷனுக்கு வைத்திருக்கும் கார் என்றால் அவரால் இறங்கி வர முடிந்த தூரம் குறைவு, உங்கள் சட்டப் பாதுகாப்பும் அவரோடா ஓனரோடா என்று சிக்கலாகிவிடும். அப்புறம், அந்த விளம்பரம் எத்தனை மாதமாக நிற்கிறது என்று பாருங்கள். ஆறு மாதமாக நிற்கிறது என்றால், இந்த விலைக்கு இந்தக் காரை வாங்க ஆளில்லை என்று சந்தையே சொல்லிவிட்டது.

## ஏல முடிவு

பணம் கை மாறியது, தேதி தெரியும், எல்லாருக்கும் தெரியும்படி நடந்தது. ஐந்து அளவுகோலில் கெட்டியானது இதுதான். அதனாலேயே தப்பாகப் படிக்கப்படுவதும் இதுதான்.

முதல் தப்பு, எந்த எண்ணைப் படிக்கிறோம் என்பது. சுத்தியல் தட்டும்போது இருந்த தொகை ஒன்று, வாங்கியவர் கொடுத்தது வேறொன்று, விற்றவர் கைக்கு வந்தது மூன்றாவது ஒன்று. கணக்குக்காக 1,00,000 பவுண்டில் சுத்தியல் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கமிஷன் 15 சதவீதம் என்றால் 15,000. அந்தக் கமிஷன் மேல் பிரிட்டனில் 20 சதவீதம் வாட் வரி, 3,000. ஆக அவர் எழுதும் செக் 1,18,000-க்கு. விற்றவர் தன் பங்குக் கமிஷனைக் கழித்து ஒரு லட்சத்துக்கும் கீழேதான் பார்த்திருப்பார். ஆர்எம் சோதபீஸ், பான்ஹம்ஸ் போன்ற பெரிய ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவுகளில் வாங்குபவர் கமிஷன் சேர்ந்தே இருக்கும். பிரிங் எ டிரெய்லர் என்ற இணைய ஏலத்தில் தெரிவது கமிஷன் சேராத தொகை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுச் சராசரி பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இது போதாதென்று லாரியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும், வந்த அன்றே டயர் மாற்ற வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது ஏலத்துக்காகவே சொன்னது போல இருக்கிறது.

இரண்டாவது தப்பு, ஒரே ஒரு முடிவைச் சந்தை என்று எடுத்துக்கொள்வது. ஏலத்தில் விலை ஏற இரண்டு பேர் போதும். அந்த இரண்டு பேருக்கும் அன்றைக்கு அந்தக் கார் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். டொயோட்டா 2000ஜிடி கதை இதற்கு நல்ல பாடம். 351 மட்டுமே செய்யப்பட்ட கார். 2013-இல் ஒன்று அமெரிக்க ஏலத்தில் 11 லட்சத்து 55 ஆயிரம் டாலருக்குப் போய், மில்லியன் தொட்ட முதல் ஜப்பான் கார் என்று பேசப்பட்டது. பூட்டி வைத்திருந்தவர்கள் எல்லாம் தங்கள் காரையும் வெளியே எடுத்தார்கள். அடுத்த சில வருடங்களில் ஏலத்துக்கு வந்த பல 2000ஜிடிகள் அந்த உயரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 2013-இன் எண்ணை வைத்து வாங்கியவர் பாடு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபெராரி 250 ஜிடிஓ மாதிரி உலகத்தில் 36 மட்டுமே இருக்கும் கார்களில் வேறு வழியில்லை. ஒன்று 2014-இல் 3 கோடியே 81 லட்சம் டாலருக்கும், இன்னொன்று 2018-இல் 4 கோடியே 84 லட்சத்துக்கும் போனது. ஒவ்வொரு காரும் ஒரு தனிச் சரித்திரம், ஒன்றின் விலை அடுத்ததற்கு ஜாடை மட்டும் காட்டும். ஈ-டைப் வாங்குகிறவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வருடா வருடம் நிறைய ஏலத்துக்கு வருகின்றன. கடந்த பன்னிரண்டு மாதத்தில் உங்கள் வகையில் ஆறு விற்பனையாவது எடுங்கள். எல்லாவற்றையும் கமிஷன் சேர்த்த தொகைக்குக் கொண்டுவாருங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று தள்ளிவிடுங்கள். விற்காமல் திரும்பிப் போனவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தொகையில் ஏலம் கேட்பது நின்றுபோனது என்பது, விற்ற விலையைவிடச் சில நேரம் நன்றாகப் பேசும்.

விவரக் குறிப்பை வக்கீல் மாதிரிப் படிக்க வேண்டும். ‘இதன் சொந்த எஞ்சின்’ என்பது ஒன்று. ‘இதன் சொந்த எஞ்சின் என்று அறிகிறோம்’ என்பது முற்றிலும் வேறு. அந்த ‘அறிகிறோம்’ என்ற சொல்லுக்குள் ஆயிரக்கணக்கான பவுண்டு ஒளிந்திருக்கும்.

அமெரிக்க முடிவுகளை வைத்து பிரிட்டனில் பேரம் பேசுவதும் சரிவராது. ஈ-டைப்களில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனவை, இடப்பக்க ஸ்டீயரிங். அங்கே மலிவாகத் தெரியும் காருக்குக் கப்பல் கூலி, பழமையான வாகனம் என்று ஏற்றுக்கொண்டால் 5 சதவீத வாட், ஸ்டீயரிங்கை மாற்ற நினைத்தால் அதன் செலவு எல்லாம் சேரும். மாற்றிய பிறகும் பிறவியிலேயே வலப்பக்கம் இருந்த காரின் விலை அதற்குக் கிடைக்காது.

## விலைக் கையேடு

ஹேகர்டி போன்ற நிறுவனங்கள் வெளியிடும் கையேடுகள் ஒவ்வொரு வகைக்கும் நான்கு நிலைகளில் விலை தருகின்றன. ஒன்று என்றால் கண்காட்சியில் பரிசு வாங்கும் கார். இரண்டு, மிகச் சிறப்பு. மூன்று, ஓட்டிக்கொண்டிருக்கும் நல்ல கார். நான்கு, ஓடும், ஆனால் குறைகள் கண்ணுக்குத் தெரியும்.

சிக்கல் கையேட்டில் இல்லை, படிக்கிறவரிடம் இருக்கிறது. என் அனுபவத்தில் விற்பவர் எல்லாருடைய காரும் இரண்டாம் நிலை. வாங்குபவர் கண்ணுக்கு அதுவே நான்கு. ஊரில் ஓடும் பழைய கார்களில் பெரும்பாலானவை மூன்றுதான். உங்களுக்குப் பிடித்துப்போன அந்தக் காரும் மூன்றுதான் என்று தொடங்குங்கள்.

கையேட்டை நான் விலைக்காகப் பார்ப்பதைவிட இடைவெளிக்காகப் பார்ப்பேன். மூன்றாம் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவில் கையேடு காட்டும் வித்தியாசத்தை எடுங்கள். அதே மேம்பாட்டைச் செய்ய ஒரு நல்ல பட்டறை கேட்கும் தொகையைப் பக்கத்தில் எழுதுங்கள். ஈ-டைப்பில் அநேகமாக எப்போதும் பட்டறைத் தொகைதான் பெரிது. மலிவாகத் தெரியும் கார் கடைசியில் கூடுதல் செலவு வைப்பதற்குக் காரணம் இந்த ஒரு கணக்குதான்.

கையேடு சந்தைக்குச் சில மாதம் பின்னால்தான் வரும். சந்தை நிதானமாக இருக்கும்போது அது பரவாயில்லை. 1980-களின் கடைசியில் இருந்ததைப் போல வெறிபிடித்து ஏறும்போதும், 1990-இல் நடந்ததைப் போலச் சரியும்போதும், அச்சில் இருக்கும் எண் நேற்றைய செய்தி.

## நிபுணர் நேரில் பார்ப்பது

நண்பரின் காருக்கு வருவோம். ஒரு சனிக்கிழமை காலை, கை விறைக்கும் குளிரில், நாங்கள் இரண்டு பேரும் ஜாகுவாரிலேயே பல வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரோடு போனோம். அவர் கையில் ஒரு டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி, மெல்லிய துணியில் சுற்றிய காந்தம். அவ்வளவுதான் கருவிகள்.

விளம்பரத்தில் ‘எல்லா எண்களும் பொருந்தும்’ என்று இருந்தது. அதாவது, தொழிற்சாலையில் பொருத்திய அதே எஞ்சினும் பாகங்களும்தான் இன்னும் காரில் இருக்கின்றன என்று. ஜாகுவாரின் ஆவணக் காப்பகமான ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட், ஒவ்வொரு காரும் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியபோது என்ன சேசிஸ் எண், எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண், பாடி எண், என்ன நிறம், எந்த விநியோகஸ்தருக்குப் போனது என்று பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. கடைக்காரர் அதையும் காட்டினார். 4.2 ஈ-டைப் எஞ்சின் எண் ‘7ஈ’ என்று தொடங்கும், 3.8 என்றால் ‘ஆர்’. சான்றிதழில் 7ஈ. பானெட் மொத்தமும் முன்னால் கவிழ்ந்தது. எஞ்சினின் மேல் பாகமான சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கம், நின்றபடி குனிந்தாலே தெரியும் இடத்தில், அதே எண் பளிச்சென்று இருந்தது. நண்பர் முகம் மலர்ந்துவிட்டது.

பெரியவர் மலரவில்லை. ஈ-டைப்பில் எஞ்சின் எண் இரண்டு இடத்தில் அடிக்கப்பட்டிருக்கும். ஹெட்டில் ஒன்று, எஞ்சினின் கீழ்ப் பாகமான பிளாக்கின் வலப்பக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேலே இன்னொன்று. இரண்டாவதைப் பார்க்கத்தான் அந்தக் கண்ணாடி. சாய்ந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, விரலால் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். நிமிர்ந்து, கண்ணாடியைப் பேசாமல் நண்பர் கையில் கொடுத்தார். அங்கே இருந்த எண் 7ஈ-யில் தொடங்கவே இல்லை. வேறொரு ஜாகுவார் சலூன் காரின் பிளாக் மேல் இந்தக் காரின் ஹெட் உட்கார்ந்திருந்தது.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். ஹெட் எண்ணைப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரிக்காகவும் சேர்த்துத்தானே 1,10,000?

அப்புறம் காந்தம். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் ஓரிடத்தில் ஒட்டாமல் வழுக்கியது. உள்ளே இரும்பில்லை, துருவை மறைக்கப் பூசிய பட்டி. ஈ-டைப்பில் சில் என்பது அலங்காரமில்லை, உடம்பைத் தாங்கும் எலும்பு. துரு பிடித்தால் உடம்புக்கு முட்டுக்கொடுத்து அளவு பார்த்து வெட்டி மாற்ற வேண்டும், இல்லையென்றால் கதவு இடுக்கு கோணிவிடும். பின்சக்கரத்துக்கு முன்னால், ரேடியஸ் ஆர்ம் (பின்சக்கரத்தை உடம்போடு பிணைக்கும் தண்டு) காரின் தரையோடு சேரும் இடத்திலும் புதுப் பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் இருந்தது.

இத்தனையும் எந்தக் கையேட்டிலும், எந்த ஏல முடிவிலும் கிடைத்திருக்காது. இதற்கு ஆன செலவு சில நூறு பவுண்டும் ஒரு முற்பகலும். இந்த அளவுகோலுக்கும் குறை உண்டு: கார் எப்படி இருக்கிறது என்று பெரியவரால் அச்சாகச் சொல்ல முடிந்தது, இன்றைக்கு அது எவ்வளவுக்குப் போகும் என்று கேட்டபோது தோளைக் குலுக்கினார். நிலையைச் சொல்கிறவரும் விலையைச் சொல்கிறவரும் ஒரே ஆளாக அமைவது அரிது. இன்ஷூரன்ஸுக்காக எழுதி வாங்கும் மதிப்பீட்டுக் கடிதத்தை விலைக்கு ஆதாரமாக விற்பவர் நீட்டினால் மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். அது கார் திருடுபோனால் என்ன தருவார்கள் என்பதற்கானது, எப்போதும் தாராளமாகவே இருக்கும்.

சொந்த எஞ்சின் இல்லாததால் அது ஈ-டைப்பே இல்லை என்று ஆகிவிடாது. 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் பந்தயத்தை வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ பென்ட்லி பற்றிய வழக்கு 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர், பழைய பாகங்கள் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை, இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கினார். சரித்திரம் அறுபடாமல் தொடர்ந்திருப்பதால் இது அதே கார்தான் என்று நீதிபதி ஓட்டன் தீர்ப்பளித்தார். அடையாளம் பிழைத்துக்கொள்ளும். விலை மட்டும் இறங்கும்.

## ரசீது ஃபைல்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. 1,40,000 செலவழித்தவருக்கு அந்தக் கார் 1,40,000-தான். சந்தை அந்தக் கணக்கை ஏற்பதில்லை. ஜாகுவாரே 2017-இல் முதல் வரிசை ஈ-டைப்களைத் தன் பட்டறையில் முழுக்கப் புதுப்பித்து 2,85,000 பவுண்டிலிருந்து விற்கத் தொடங்கியது. அதே வகைக் கார் வெளியே அதில் பாதிக்கும் குறைவாகவே கிடைத்துக்கொண்டிருந்தது.

ஃபைலுக்கு மதிப்பே இல்லை என்றில்லை. யார் வேலை செய்தார்கள், எப்போது, வேலை நடக்கும்போது எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில்லை வெட்டி மாற்றிய படம் ஒன்று, பத்து ரசீதுக்குச் சமம். நண்பரின் ஃபைலில் சீட்டுத் தோல், குரோமியம், கம்பிச் சக்கரம் என்று பளபளக்கும் ரசீதாகவே இருந்தது. வெல்டிங்குக்கு ஒன்றுகூட இல்லை.

## யாருக்கு எது

முதல் கார், கையில் நேரம் குறைவு, ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் கடையிலேயே வாங்குங்கள். ஆனால் பேரத்தை ஏலச் சராசரியிலிருந்து தொடங்கி, சட்டப் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் ஏறிப் போங்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டு வைத்திருப்பவர், நம்பகமான மெக்கானிக் பக்கத்தில் இருப்பவர், ஏலத்துக்கே போகலாம். ஏலத்துக்கு முந்தின நாள் கார்களைக் காட்சிக்கு வைக்கும்போது பெரியவர் மாதிரி ஒருவரைக் கூட்டிப் போங்கள், எல்லாச் செலவும் சேர்த்த உச்சவரம்பை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். தனியாரிடம் வாங்குவதென்றால் கையேடு போதுமான தொடக்கம், ஏனென்றால் விற்பவரும் அதே கையேட்டைத்தான் பார்த்திருப்பார். வெளிப்பூட்டு, தட்டைத்தரை போன்ற அபூர்வ வகைகளுக்குக் கையேட்டை மூடி வைத்துவிட்டு நிபுணரை நம்புவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அந்த வகையில் ஒரு பூட்டும் ஒரு எண்ணும்தான் மொத்த விலையும்.

நண்பரின் கணக்கை இப்படிப் போட்டோம். அவர் அனுப்பிய 96,000-ஐயும் சேர்த்து, ஒரு வருடத்து ஆறு ஏல முடிவுகளில் மேல் ஒன்று, கீழ் ஒன்று நீக்கியதும் நடு நான்கும் கமிஷனோடு 94,000-ஐச் சுற்றி நின்றன. அவை சொந்த எஞ்சினும் கெட்டியான சில்லும் உள்ள கார்கள். பிளாக் மாறியதற்கு 10,000 கழித்தோம். இது என் கைக்கணக்கு. வேறொருவர் 8,000 என்பார், இன்னொருவர் 15,000 என்பார். சில்லுக்கும் ரேடியஸ் ஆர்ம் இடத்துக்கும் பட்டறை 9,000 சொன்னது. துரு வேலையில் தோண்டத் தோண்ட வரும் என்பதால் 12,000 என்று வைத்தோம். மிச்சம் 72,000. கடையில் வாங்கும் நிம்மதிக்கு 3,000 கூட்டி, 75,000 என்று எழுதிக் கொடுத்தார்.

கடைக்காரர் தாளைப் பார்த்தார், சிரித்தார், தேநீர் வேண்டுமா என்று கேட்டார். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

மார்ச்சில் நண்பர் அந்த விளம்பரத்தை மறுபடி அனுப்பினார். கார் அங்கேயேதான் நின்றது. ‘எல்லா எண்களும் பொருந்தும்’ என்ற வரி மட்டும் காணாமல் போயிருந்தது. விலை அதே 1,10,000.